கால் சுற்று

உட்கார்ந்து பேசிப் பழக்கமில்லாதவன் நான். நாற்காலி போட்டது உங்கள் மரியாதை. ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் எனக்கு அதில் இருப்புக்கொள்ளாது. அந்த ஜன்னலுக்கும் இந்தக் கதவுக்குமாக நடந்துகொண்டே சொல்கிறேன். ஓடிவிடுவேனோ என்று ஏட்டய்யா தன் நாற்காலியை வாசல் பக்கம் நகர்த்த வேண்டாம். நானாகத்தான் வந்தேன், இந்த வெயிலில் சைக்கிள் மிதித்து.

என் பெயர் வேதகிரி. வயது நாற்பத்து நான்கு. காவாந்தண்டலம் பக்கம் மணவாளன் முதலாளி நடத்துகிற தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். மூன்று வாரத்துக்கு முன்னால் அங்கே லேத்தில் வேலை செய்துகொண்டிருந்த தாண்டவராயன் இறந்துபோனது உங்களுக்குத் தெரியும். அப்போது பக்கத்தில் நின்றது நான்தான் என்பதும் உங்கள் காகிதத்தில் இருக்கும். கரண்டு ஏறி இறங்கியதால் நேர்ந்த விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். கரண்டு அப்படிச் செய்யாது, ஐயா. அதற்கு விஷயம் தெரிந்த ஆள் வேண்டும்.

அந்த லேத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனி ஓட்டி முடித்துக் கழித்துவிட்ட மெஷின் அது. துளை போட்ட காகித நாடாவை உள்ளே கொடுத்தால், நாடா சொன்னபடி தானே கடைந்து தள்ளும். அக்கம்பக்கத்தில் அதற்குக் கம்ப்யூட்டர் லேத் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து காட்டினார்கள். முதலாளி காஞ்சிபுரத்துப் பட்டுக்காரக் குடும்பம். அண்ணன் தம்பிகள் தறியோடு இருக்க, இவர் மட்டும் இரும்புக்கு வந்தவர். எண்பத்தைந்து தை மாதம் லாரியிலிருந்து மெஷின் இறங்கியபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன்கள் ஜரிகை வேட்டியோடு வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

வார்ப்பு இரும்பைக் கவ்விப் பிடித்துச் சுற்றுகிற தண்டுக்கு ஸ்பிண்டில் என்று பெயர். நாடா நானூறு என்று சொன்னால் அது நிமிடத்துக்கு நானூறு சுற்றுத்தான் சுற்ற வேண்டும். வந்த மூன்றாவது வாரமே ஆட ஆரம்பித்துவிட்டது. நானூறு கேட்டால் முந்நூற்றைம்பதுக்கு இறங்கும், ஐந்நூறுக்கு ஏறும், கொஞ்ச நேரம் ஒழுங்காக இருக்கும், மறுபடி ஏறும். கடைந்த இடமெல்லாம் வரி வரியாக விழுந்து சாமான் அத்தனையும் வீணாயிற்று.

எல்லாரும் முதலில் கரண்டைத்தான் குற்றம் சொன்னார்கள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததில்லை. மும்முனை மின்சாரம் ஒரு வாரம் காலையில் வரும், புதன்கிழமை வந்தால் நேரம் மாறிவிடும். எங்கள் ஷிப்டும் அதோடு சேர்ந்து மாறும். எப்போது வருமென்று யார் காத்துக்கிடப்பது என்று விவசாயிகள் பம்புசெட்டுக்கு ஆட்டோ ஸ்விட்ச் போட்டு விட்டுவிடுவார்கள். மும்முனை வந்த நொடியில் சுற்றுவட்டாரத்துக் கிணறு அத்தனையிலும் மோட்டார் ஒன்றாக இழுக்கும். எங்கள் விளக்கெல்லாம் மஞ்சளாகிவிடும். பத்து நிமிடத்தில் சரியாகும். ஆகவே லேத் ஆடுகிறது என்றால் பம்புசெட்தான் காரணம் என்று சொல்வது சுலபமாக இருந்தது. எங்கள் மதிலுக்கு அடுத்த நிலத்துக்காரர் செங்கேணியிடம் ஆள் அனுப்பிச் சண்டை பிடித்தார்கள். அவர் களை பிடுங்கின கையோடு நிமிர்ந்து, "எம் மோட்டாரு பாட்டுக்கு தண்ணி இஸ்துக்கினு கீது. உங்க மெஷினுக்கு இன்னா, வலிப்பா?" என்று கேட்டாராம்.

அவர் கேட்டது சரியான கேள்வி. நான் மீட்டர் வைத்துப் பார்த்தேன். வோல்டேஜ் நிலையாக இருக்கும்போதும் ஆடியது. கார்பன் பிரஷ் மாற்றினோம். பெல்ட்டை இறுக்கினோம். எர்த் கம்பி புதிதாகப் போட்டேன். பெங்களூரிலிருந்து ஒரு ஆள் வந்து இரண்டு நாள் கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொண்டார். பிறகு உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக் கார்டைக் கழற்றி அனுப்ப வேண்டும், ஒரு மாதம் ஆகும் என்று கையை விரித்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் நான் கண்டுபிடித்தேன். பத்தொன்பது வருடம் உத்திரமேரூர் பஜாரில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டினவன் நான். ஸ்க்ரூடிரைவர் முனையை மோட்டார்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் இடமாக நகர்ந்தேன். மோட்டாரின் பின்பக்கம் பூட்டுப் போட்ட ஒரு தகட்டு மூடி. அதற்குள் கைக்கு அடக்கமான ஒரு சின்ன டைனமோ. மோட்டார் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று கன்ட்ரோல் பெட்டிக்குச் சொல்வது அதன் வேலை. அது குறைத்துச் சொன்னால் பெட்டி அப்படியே நம்பி வேகத்தைக் கூட்டும். ஒன்றுமே சொல்லாவிட்டால், மோட்டார் நின்றுவிட்டது என்று எண்ணிக்கொண்டு இருக்கிற வேகத்தையெல்லாம் கொடுத்துவிடும். அந்த டைனமோவை மோட்டார் தண்டோடு பிடித்து வைத்திருந்தது தலையில்லாத ஒரு சின்னத் திருகு. அது தளர்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. ஆலன் கீயைப் போட்டுக் கால் சுற்று முறுக்கினேன். ஆட்டம் நின்றுவிட்டது.

முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, அவர்கள் வீட்டுத் தறியில் நெய்த பட்டு அங்கவஸ்திரம் ஒன்றை என் தோளில் போட்டார். "பெங்களூர்க்காரனே கைய விரிச்சுட்டான். நம்ம வேதகிரி இல்லன்னா இது வெறும் இரும்பு" என்றார். என்ன கோளாறு என்று கேட்டார். கார்டில் செட்டிங் மாறியிருந்தது, சரிசெய்துவிட்டேன் என்றேன். நான் சொன்ன முதல் பொய் அதுதான். ஒரு திருகு தளர்ந்திருந்தது என்று சொல்லியிருந்தால் அந்தப் பட்டு என் தோளில் எவ்வளவு நேரம் நின்றிருக்கும், நீங்களே சொல்லுங்கள். மூடியின் சாவியை என் இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டேன்.

அப்புறம் ஏழு மாதம் மெஷின் ஒழுங்காக ஓடியது. அந்த ஏழு மாதம் எனக்குத்தான் உடம்பு சரியில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவேன். ஏரிக்கரை வரை நடப்பேன், திரும்புவேன், மறுபடி நடப்பேன். "காலுல இன்னா சக்கரமா கட்டிக்கினு கீறீங்க, செத்த உக்காருங்களேன்" என்பாள் என் மனைவி சாமுண்டீஸ்வரி. மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றால் அது என்னைக் கண்டுகொள்ளாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதை ஓட்டுகிற தாண்டவராயன் என்னைப் பார்த்துச் சிரிப்பான். தாமலிலிருந்து வந்தவன், செங்கல்பட்டில் ஐ.டி.ஐ. படித்தவன், இருபத்தேழு வயது. நல்ல பையன். அவனுக்கு மெஷினோடு வேலை இருந்தது. எனக்கு இல்லை.

ஒருநாள் அப்படி நின்றுகொண்டிருந்தபோது முதலாளி அந்தப் பக்கமாகப் போனார். நடந்துகொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "இன்னா வேதகிரி, சும்மா நிக்கறதுக்கு எங்க வூட்டு கிரைண்டர பாத்துட்டு வாயேன். மாவு சரியா அரைக்கலியாம்." போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் அவர் மைத்துனர் கல்யாணத்துக்குச் சீரியல் லைட் கட்டினேன். அதற்கடுத்து கக்கூஸ் பல்பு. குறைசொல்ல ஒன்றுமில்லை, எலக்ட்ரீஷியன் வேலைதான் எல்லாம். ஆனால் வயிறு எரிந்தது, ஐயா. கறிவேப்பிலை மாதிரி எடுத்துப்போட்டுவிட்டார்கள் என்று எரிந்தது.

ஆயுத பூஜை வந்தது. மெஷினை எல்லாம் நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தோம். பெரிய மெஷினுக்கு யார் கற்பூரம் காட்டுவது என்பது எங்களுக்குள் ஒரு பேச்சாக இருந்தது. என்னைக் கூப்பிடுவார்கள் என்று பட்டு அங்கவஸ்திரத்தை மடித்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். முதலாளி தட்டைத் தாண்டவராயன் கையில் கொடுத்தார். ஓட்டுகிறவன்தானே காட்ட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அதுவும் நியாயம்தான். மடித்ததை மடித்தபடியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

பூஜை கழிந்து மூன்றாம் நாள் மூடியைத் திறந்து அந்தத் திருகைக் கால் சுற்று தளர்த்தினேன்.

நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள், பரவாயில்லை. மேலே சுற்றுகிற உங்கள் மின்விசிறிகூடத்தான் ஒரே வேகத்தில் சுற்றவில்லை. கன்டென்சர் போயிருக்கிறது. வந்ததிலிருந்து அது என் காதைக் குடைகிறது. வேறு யாருக்கும் இங்கே அது தொந்தரவாகத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

தளர்த்தின மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவசர ஆர்டருக்காகத் தாண்டவராயன் ஓட்டிக்கொண்டிருந்தான். மெஷின் ஆடியது. முதலாளியின் அம்பாசிடர் என் தெருவுக்குள் வந்தது. தெருவே எட்டிப் பார்த்தது. சாமுண்டீஸ்வரி எனக்குச் சட்டை எடுத்துக் கொடுத்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். போனேன். பத்து நிமிட வேலையை இரண்டு மணி நேரம் செய்தேன். சட்டென்று முடித்தால் மதிப்பிருக்காது. முதலாளி என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாஷ்டா வரவழைத்து, சாப்பிடு, சாப்பிட்டுவிட்டுப் பார் என்று கெஞ்சினார். அன்று மத்தியானம் வீட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிட்டேன். பிறகு படுத்துத் தூங்கினேன். ஏழு மாதத்தில் முதல் தூக்கம்.

அதற்குப் பிறகு எட்டு மாதத்தில் ஆறு தடவை. எப்போதும் கால் சுற்றுத்தான். காலையில் மும்முனை வருகிற வாரமாகப் பார்த்துச் செய்வேன். விளக்கு மஞ்சளாகிற நேரத்தில் மெஷினும் ஆடினால் யாரும் வேறு காரணம் தேட மாட்டார்கள். நானே ஒரு பலகையில் பெயிண்டால் எழுதி மாட்டினேன்: மும்முனை வந்ததும் பத்து நிமிடம் பொறுக்கவும். அதில் தப்பில்லை, நல்ல அறிவுரைதான்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தேன். மெஷினை உடனே நிறுத்த முகப்பில் ஒரு சிவப்புப் பட்டன் உண்டு. வேகம் ஆடும்போது அதை அடிக்கக் கூடாது என்றேன். அடித்தால் பெட்டிக்குள் ஃபியூஸ் போகும், அதோடு விலையுள்ள சாமான் ஏதாவது போகும், பெங்களூரிலிருந்து வர ஒரு மாதம் ஆகும். ஆடினால் ஆடட்டும், பொறுத்தால் தானாக இறங்கும், எதற்கும் என்னைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். இதில் பாதி உண்மை. ஒரு தடவை ஃபியூஸ் போயிருக்கிறது. மீதிப் பாதி, அவர்களாக நிறுத்திவிட்டால் என்னைக் கூப்பிடுகிற அவசரம் குறைந்துவிடுமே என்பது. தொழிற்சாலையில் எல்லாருக்கும் அது பழகிவிட்டது. மெஷின் சத்தம் மாறினால் பதினைந்து பேரும் மெஷினைப் பார்க்க மாட்டார்கள், என்னைப் பார்ப்பார்கள்.

வேகம் எல்லை தாண்டினால் தானாக நிறுத்துகிற ஒரு ரிலேயும் உள்ளே இருந்தது. நான் தளர்த்துகிற போதெல்லாம் அது சில சமயம் நிறுத்திவிடும். இப்படி நின்று நின்று ஓடினால் ஆர்டரை எப்படி முடிப்பது, இதற்கு ஒரு வழி பண்ண முடியாதா என்று முதலாளி கேட்டார். அரை முழம் ஒயரைப் போட்டு அந்த ரிலேயை வேலை செய்யாமல் பண்ணினேன். கேட்டது அவர்தான். ஆபத்து என்று நான் சொல்லவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது தாண்டவராயன். அவனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தான் முடுக்கின திருகு எதுவானாலும், திருகின்மேலும் பக்கத்து இரும்பின்மேலும் சேர்த்து ஒரு சின்னக் கோடு போடுவான். அவன் மனைவி ஜெயமணியின் சிவப்பு நகப்பாலிஷ்தான் பெயிண்ட். பிறகு எப்போது பார்த்தாலும் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்தால் போதும், திருகு நகர்ந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். ஐ.டி.ஐ.யில் ஒரு வாத்தியார் சொல்லிக்கொடுத்தாராம். மற்றவர்கள் கேலி பண்ணுவார்கள், மெஷினுக்கு மருதாணி வைக்கிறான் என்று. நானும் சிரித்திருக்கிறேன்.

ஆறாவது தடவை சரிசெய்துவிட்டு மூடியைப் பூட்டாமல் டீ குடிக்கப் போனேன். அந்த இடைவெளியில் அவன் அந்தத் திருகுக்கும் கோடு போட்டுவிட்டான். எனக்குத் தெரியாது. பத்து நாள் கழித்து, அது ஏழாவது தடவை, ஒரு வெள்ளிக்கிழமை காலை மெஷின் ஆடியது. வழக்கம்போல என்னைக் கூப்பிட்டார்கள். நான் மூடியைத் திறந்தபோது என் தோளுக்கு மேலாக டார்ச் வெளிச்சம் விழுந்தது. திரும்பினேன். தாண்டவராயன் டார்ச்சை அணைத்துக்கொண்டு போய்விட்டான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கை கழுவுகிற குழாயடியில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்தான்.

"அண்ணே, அந்த ஸ்க்ரூ தானா கயலலண்ணே. தானா கயண்டா கோடு துளி நவுந்து இருக்கும். இது சொல்லி வெச்ச மாதிரி கால் சுத்து போய்கீது. மூடிக்குப் பூட்டு கீது. சாவி உங்களாண்டதான் கீது."

நான் செய்தேன் என்கிறாயா என்று கேட்டேன்.

"நான் அத்தச் சொல்லல. மொதலாளியாண்டயும் சொல்ல மாட்டேன். உங்க பேரு கெட வாணாம். ஆனா என் மூஞ்சிக்கு எதிர்ல பதினெட்டு கிலோ இரும்பு சுத்திக்கினு கீதுண்ணே. வூட்ல கைக்கொயந்த கீது. அந்தச் சாவிய மட்டும் என்னாண்ட குடுத்துருங்க. போதும்."

திங்கட்கிழமை தருகிறேன் என்றேன். அவன் தலையாட்டிவிட்டு, குழாயைத் திறந்து எனக்குக் கை கழுவத் தண்ணீர் விட்டான்.

சனிக்கிழமை காஞ்சிபுரம் வரை சைக்கிளில் போனேன். எதற்கென்று கேட்காதீர்கள். ஓரிக்கையில் பாலாற்றுப் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றேன், நிற்க முடியவில்லை, திரும்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள்ளேயே நடந்தேன். நிதானமாகத்தான் யோசித்தேன். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். முதலாளியிடம் போட்டுக் கொடுத்திருந்தால், இல்லவே இல்லை என்று சாதித்திருப்பேன். முதலாளி என்னைத்தான் நம்பியிருப்பார். இவன் அப்படிச் செய்யவில்லை. இவன் என்னை மன்னித்துவிட்டான். என்னைவிடப் பதினேழு வயது சின்னவன், தினமும் காலையில் என்னைப் பார்த்து அதே மாதிரி சிரிப்பான், நான் அதை வாங்கிக்கொண்டு கக்கூஸ் பல்பு மாட்டப் போக வேண்டும். சாவியைக் கொடுத்துவிட்டால் அந்த மெஷின் இனிமேல் ஆடவே ஆடாது. ஆடாத மெஷினுக்குப் பக்கத்தில் என்னால் எத்தனை வருடம் நின்றிருக்க முடியும்? கோபமெல்லாம் இல்லை. இதற்கு ஒரு முடிவு வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

திங்கட்கிழமை ஆறரைக்கே போய்விட்டேன். அன்று கால் சுற்று இல்லை. திருகை முழுக்கக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூடியைப் பூட்டினேன். தாண்டவராயன் வந்ததும் சாவியை அவன் கையில் கொடுத்தேன். அவனுக்கு நம்ப முடியவில்லை. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்கண்ணே" என்றான். ஒன்றுமில்லை என்றேன். மூடியை இன்னொரு தடவை திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டான். இப்போதுதான் நானே பார்த்து முடுக்கிவிட்டு வந்தேன், சாவி இனி உன்னிடம்தானே இருக்கப்போகிறது, சாயந்திரம் நிதானமாகப் பார்த்துக்கொள் என்றேன். சரி என்று பையில் போட்டுக்கொண்டான். பிறகு நீங்கள் அவன் பையிலிருந்து எடுத்தது அந்தச் சாவிதான். அது யாரிடம் இருக்கிறதோ அவன்தான் பொறுப்பு என்று கேட்கிறவர்களுக்குத் தோன்றும். அதையும் நான் யோசித்திருந்தேன்.

அவனைப் பயமுறுத்தத்தான் நினைத்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மெஷின் ஓட்டம் பிடிக்கும், அவன் அலறுவான், நான் போய் மெயினை இறக்குவேன், சாவி திரும்ப என்னிடம் வரும். இங்கே நடந்துகொண்டே யோசித்துப் பார்த்தால் அது பொருந்தவில்லை. பயமுறுத்த நினைக்கிறவன் சாவியை எதற்கு அவன் பையில் வைக்கிறான்?

மும்முனை வந்தது. விளக்கு மஞ்சளானது. செங்கேணியின் மோட்டார் இழுக்கிற சத்தம் மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்டது. பலகையில் இருக்கிறபடி பத்து நிமிடம் பொறுத்தான். பதினெட்டு கிலோ வார்ப்பை மாட்டி, மெஷினுக்கு முன்னால் மறைப்பாக இருக்கிற தகட்டுக் கதவை இழுத்துச் சாத்தி, ஓட விட்டான். நான் ஆறடி தள்ளி, கன்ட்ரோல் பெட்டிக்குப் பக்கத்தில், கதவுக்கு நேராக வராத இடத்தில் நின்றேன். வேகம் காட்டுகிற முள் பூஜ்யத்திலேயே இருந்தது. முள்ளுக்குச் செய்தி சொல்வதும் அதே டைனமோதான். சத்தம் மட்டும் ஏறியது. நானூறுக்கான சத்தம் எனக்குத் தெரியும், அதைத் தாண்டியது. ஆயிரத்தைத் தாண்டியது. மூவாயிரம் வரை போகக்கூடிய மோட்டார் அது. அத்தனை வேகத்தில் சுற்றினால் கவ்விப் பிடித்திருக்கிற தாடைகள் தாமே விரிந்து பிடி விட்டுவிடும். இது எனக்கு முன்னாலேயே தெரியும். வார்ப்பு வெளியே வந்தபோது தகட்டுக் கதவு அதைக் கொஞ்சமும் தடுக்கவில்லை. அவன் உடனே போய்விட்டான். அது வரைக்கும் நல்லதுதான்.

எல்லாரும் அவனிடம் ஓடினார்கள். நான் மெயினை இறக்கிவிட்டு மெஷினுக்குப் பின்னால் போனேன். ஒரே ஒரு சாவி உள்ள பூட்டை நான் என்றைக்கும் நம்பியதில்லை, இன்னொன்று வைத்திருந்தேன். திருகைப் பழையபடி மாட்டி முடுக்கினேன். ரிலேயில் இருந்த ஒயரையும் எடுத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. பிறகு வந்து அவன் காலைப் பிடித்துத் தூக்கினவர்களில் நானும் ஒருவன்.

சாவுக்கு மணவாளன் முதலாளி என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். நீயாவது இருக்கிறாயே என்றார். சிறுகச் சிறுக எல்லாம் ஒரு நிலைக்கு வந்துவிடும் என்றுதான் நானும் இருந்தேன். ஆனால் பத்து நாள் கழித்து அம்பத்தூரிலிருந்து ஒரு இன்ஜினியரை வரவழைத்தார்கள். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. மூடியைத் திறந்து பார்த்தான். திருகின் வாய் தேய்ந்திருக்கிறது, எத்தனையோ தடவை கழற்றி மாட்டியிருக்கிறார்கள், இது இப்படித்தான் வழுக்கும் என்றான். அப்புறம் எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே, "இதுக்கா சார் ஒன்றரை வருஷம்? அப்ரண்டிஸ் பையன் அரை மணியில பாத்துடுவானே" என்றான். முதலாளி என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். அந்த ஆள் புதுத் திருகு போட்டு, அதன்மேல் ஏதோ பசையை ஊற்றி, போய்விட்டான். அன்றிலிருந்து பதினோரு நாள் ஆகிறது. மெஷின் ஆடவில்லை. என்னை யாரும் கூப்பிடவில்லை.

அதற்காக வந்தேன் என்று நினைக்காதீர்கள். ஜெயமணிக்காக வந்தேன். காரியம் முடிந்த மறுநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அண்ணே, நீங்க பக்கத்துல இருந்தீங்கல்ல. கைக்கு எட்டற தூரத்துல அந்தச் செவப்பு பட்டனு கீதாமே. அவரு ஏன்ணே அத்த அமுக்கல?" என்று கேட்டாள். பயந்துவிட்டானம்மா, கை கால் ஓடாமல் அப்படியே நின்றுவிட்டான் என்றேன். உங்களிடமும் அதையே சொன்னேன். ஓட்டுகிறவர் பதற்றத்தில் மெஷினை நிறுத்தத் தவறிவிட்டார் என்று நீங்களும் எழுதிக்கொண்டீர்கள்.

அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. நல்ல தொழில்காரன் பெயர் அப்படிக் கெடக் கூடாது. அவன் பதறவே இல்லை. சத்தம் ஏற ஆரம்பித்ததுமே அவன் விரல் சிவப்புப் பட்டன்மேல் போய்விட்டது. அமுக்கியிருந்தால் நின்றிருக்கும். அமுக்குவதற்கு முன்னால், அமுக்கலாமா என்று என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கையை உயர்த்தி, பொறு என்று காட்டினேன்.

விரலை எடுத்துவிட்டான். கையைக் கட்டிக்கொண்டு, வேகம் இறங்கட்டும் என்று மெஷினுக்கு நேராக நின்றான். என் பேச்சுக்கு அந்தத் தொழிற்சாலையில் அவ்வளவு மதிப்புக் கொடுத்தவன் அவன் ஒருவன்தான்.